பட்டத்தில் தொங்கிய இரை

எங்கள் ஊர்ப் பாடசாலைக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தென்னந்தோட்டமும் ஒரு மணல் வீதியும்தான். வெள்ளிக்கிழமைகளில் அஸர் தொழுகை முடிந்ததும் ஒன்பதாம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை இறங்குதுறையில்தான் காணலாம். போத்தலில் சுற்றிய தங்கூசி, துருப்பிடித்த தூண்டில் முள், ஒரு துண்டு ஈயம், பழைய ரின்னுக்குள் இரை. இவ்வளவும்தான் அவர்களது முதல். பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டு போனால் உம்மா பொரித்துக் கொடுப்பார். பிடிக்காவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை. அந்த வகையில் அது தொழிலல்ல, பொழுதுபோக்கு.

ஒருநாள் அங்கே நின்றபோது ஒரு மாணவன் அலுத்துக் கொண்டான்: "சேர், போன கிழமை கணவாய்க்கு விடாமக் கடிச்சிச்சி. இண்டைக்கு மணந்தும் பாக்குதில்ல. இறால் கொண்டந்திருக்கணும்." அவனுக்கு ஐந்தாறு யார் தள்ளி நின்றவன் இறால்தான் போட்டிருந்தான். அவனுக்கும் ஒன்றும் கடிக்கவில்லை. அவனோ கணவாய் கொண்டு வராததற்காக வருந்திக் கொண்டிருந்தான்.

மீன் அகப்பட்டால் அது தன் கைத்திறன், அகப்படாவிட்டால் இரையின் குறை என்று நினைப்பது மனித இயல்பு போலும். ஆனால் இரையைப் பற்றிய இந்தப் பேச்சுக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. பொழுதுபோக்குக்காகக் கடலில் தூண்டில் போட்டவர்கள் மத்தியில், இரையை வைக்கும் முறை ஒன்று மாறியதால் ஒரு தீவின் மீன்பிடிக் கதையே திசைமாறிய சம்பவம் ஒன்றுண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரையைத் தெரிவு செய்யும் அறிவு மிகப் பழையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிலிசியாவைச் சேர்ந்த ஒப்பியன் என்ற கிரேக்கக் கவிஞன் கடல்மீன்களையும் அவற்றைப் பிடிக்கும் வழிகளையும் பற்றி ஐந்து பாகங்களில் ஒரு நெடும்பாடல் இயற்றி உரோமப் பேரரசனுக்குச் சமர்ப்பித்தான். பசியால் மட்டுமல்ல, ஆசையாலும் மீன் தூண்டிலுக்கு வரும் என்பது அவனது கட்சி. பெண்மீனைக் கட்டி இழுத்து ஆண்மீன்களைக் கூட்டமாக அள்ளும் முறைகளை அவன் விபரித்திருக்கிறான். பசுபிக் சமுத்திரத்தின் பொலினேசியத் தீவுகளிலோ சூரைக்கு உண்மையான இரையே தேவைப்படவில்லை. முத்துச்சிப்பியின் ஓட்டைத் தேய்த்து மீன்குஞ்சு வடிவில் ஒரு தண்டு. அதன் அடியில் எலும்பிலோ ஆமையோட்டிலோ செய்த முள். வாற்புறத்தில் கொஞ்சம் பன்றி மயிர். ஓடும் ஓடத்தின் பின்னால் அது மினுங்கிக்கொண்டு வரும். ஒரே மீனவர் பல நிறச் சாயல் கொண்ட ஓடுகளை வைத்திருந்து, வானத்தின் வெளிச்சத்தைப் பார்த்து இன்றைக்கு எது என்று எடுப்பார். 18ஆம் நூற்றாண்டில் கப்டன் குக்கின் கப்பல்கள் அத்தீவுகளுக்குப் போனபோது இத்தகைய தூண்டில்களைச் சேகரித்து வந்தன. இன்றும் ஐரோப்பிய நூதனசாலைகளில் அவற்றைக் காணலாம்.

நான் சொல்ல வந்த தீவு கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் இருக்கும் சாண்டா கற்றலினா. லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக் கரையிலிருந்து இருபது மைல்களுக்குச் சற்றுக் கூடிய தூரம். அதில் அவலோன் என்ற சிறு நகரம் 1887இன் பின்னர் உல்லாசப் பயணிகளுக்காக உருவானது. அங்கே வந்தவர்களில் ஒருவர் சார்ள்ஸ் பிரெடரிக் ஹோல்டர். 1851இல் மசாசூசெற்ஸில் பிறந்தவர். இயற்கை வரலாறு எழுதியவர். உடல்நலம் தேடிக் கலிபோர்னியாவின் பசடீனாவுக்குக் குடிபெயர்ந்தவர். அவலோன் குடாவில் மனிதர்கள் தடித்த கைக்கயிறுகளை வீசிப் பெருமீன்களை வரிசையாக இழுத்துப் போடுவதையும், தின்ன ஆளில்லாமல் அவை வீணாவதையும் கண்டு அவர் மனம் பொறுக்கவில்லை. மீனுக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும் என்றார். மெல்லிய நூல், தடி, ரீல் ஆகியவற்றோடு மட்டுமே பிடிக்க வேண்டும் என்றார்.

1898 ஜூன் மாதத்தில் ஹோல்டர் அவ்வாறு ஒரு நீலச்செட்டைச் சூரையைப் பிடித்தார். நிறை 183 இறாத்தல், அதாவது சுமார் 83 கிலோ. அந்த மீன் படகையே இழுத்துக் கொண்டு மணிக்கணக்காக அலைக்கழித்தது. அதே மாதத்தில் 'டூனாக் கழகம்' அவலோனில் உதயமானது. அடுத்த ஆண்டு கேர்ணல் மோர்ஹவுஸ் என்பவர் 251 இறாத்தல் மீனொன்றைக் கரைசேர்த்தார். நூறு இறாத்தலுக்கு மேல் பிடித்தவர்களுக்குக் கழகம் ஒரு நீலநிறப் பொத்தானை வழங்கியது. கோடீஸ்வரர்கள் அந்தப் பொத்தானுக்காகத் தவம் கிடந்தார்கள் என்றால் இன்று சிரிப்புத்தான் வரும்.

கழகத்தின் சட்டதிட்டங்கள் பிரதானமாகத் தடியையும் நூலையும் பற்றியவை. தடி எவ்வளவு நீளம், நூல் எத்தனை இழை, மீனைப் படகருகே கொண்டு வரும்வரை வேறொருவர் தடியைத் தொடலாகாது என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். வலிமையைக் கட்டுப்படுத்தினால் விளையாட்டு நேர்மையாகிவிடும் என்பது அவர்களது எண்ணம். ஆனால் மீன் முதலில் சந்திப்பது தடியையோ நூலையோ அல்ல. முள்ளில் இருக்கும் இரையையே.

அந்த இரை பறக்கும் மீன். கோடையில் கற்றலினாவைச் சூழ்ந்த கடலுக்கு ஒரு முழ நீளமான பெரிய பறக்கும் மீன்கள் கூட்டமாக வரும். சூரைகள் அவற்றைத் துரத்தி வரும். நீரிலிருந்து எழும்பிச் செட்டைகளை விரித்துப் பல யார் தூரம் மிதந்து சென்று விழும் மீனை, விழும் இடத்திலேயே காத்திருந்து கவ்வும் சூரையைப் பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறப்பதில்லையாம். எனவே செத்த பறக்கும் மீனை முள்ளில் கோத்து படகின் பின்னால் இழுத்தார்கள். மீன் வழமையாகத் தின்பதையே தூண்டிலில் வை என்ற ஆதிப்பாடம்தான் அது. முதல் சில பருவங்களில் அது நன்றாகவே பலித்தது.

பின்னர் பலிக்காமல் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க வருடங்களில் பெரிய சூரைகள் வரும். நீரைக் கொந்தளிக்க வைக்கும். ஆனால் இழுத்து வரும் இரையை நெருங்கினதும் விலகிவிடும். சில வருடங்களில் வருகையே அரிதாயிற்று. நீலப் பொத்தான்காரர்கள் புதிதாகச் சேரவில்லை. மீன் படித்துவிட்டது என்றார்கள் சிலர். மீன் போய்விட்டது என்றார்கள் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருந்திருக்கும். பசுபிக் நீலச்செட்டைச் சூரை யப்பான் பக்கத்துக் கடலில் பிறந்து, அதில் ஒரு பகுதி மட்டும் சமுத்திரத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வரும் மீன். கடலின் வெப்பமும் இரையும் மாறும்போது அது வருவதும் வராமல் விடுவதும் அதன் இஷ்டம். அதற்குத் தூண்டில்காரர் என்ன செய்ய முடியும்?

வந்த மீன் கடிக்காததற்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தவர் ஒரு படகோட்டி. ஜோர்ஜ் பார்ன்ஸ்வேர்த் என்பது அவரது பெயர். கழகத்தின் கனவான்களை நாட்கூலிக்குக் கடலுக்கு அழைத்துச் செல்பவர்களில் ஒருவர். 1909இல் அவர் படகிலிருந்து ஒரு பட்டத்தை ஏற்றினார். தூண்டில் நூலை எளிதில் அறுபடும் சிறு இழையால் பட்டக்கயிற்றோடு பிணைத்தார். நூலின் நுனியில் பறக்கும் மீன் நேரே கீழே தொங்கி நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். படகு நகரும்; காற்று பட்டத்தை அசைக்கும்; செத்த மீன் உயிர்பெற்றாற்போல அலைக்கு அலை துள்ளித்துள்ளி ஓடும். சூரை பாய்ந்து கவ்வியதும் சிறு இழை அறுந்துவிடும். அதன் பிறகு மீனும் மனிதரும் நேருக்கு நேர்.

இதை அவர் மற்றப் படகோட்டிகளின் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போய்த்தான் செய்தார் என்றொரு கதை உண்டு. இருக்கலாம். வயிற்றுப்பாட்டுக்கான தொழில் ரகசியம் யாருக்குத்தான் இல்லை? ஆனாலும் வானத்தில் பறக்கும் பட்டத்தை எவ்வளவு காலம் மறைத்து வைக்கலாம்! விரைவிலேயே அவலோன் துறை முழுவதும் பட்டம் ஏறியது. அவருக்கும் 'டூனா ஜோர்ஜ்' என்ற பட்டம் கிடைத்தது. (இச்சிலேடை நான் வேண்டுமென்று செய்ததல்ல.)

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். பார்ன்ஸ்வேர்த் இரையை மாற்றவில்லை. அதே பறக்கும் மீன்தான், அதுவும் செத்த மீன்தான். மாறியது, மீனின் கண்ணுக்கு அந்த இரை தோன்றிய விதம். சூரை பார்வையால் வேட்டையாடும் மீன். மணத்தை மோப்பம் பிடித்து மெதுவாக வந்து சுவைத்துப் பார்க்கும் பொறுமை அதற்கில்லை. பாய்ந்து வரும் வேகத்தில் ஒரு கணத்துக்குள் முடிவெடுக்கும். அந்தக் கணத்தில் இரைக்கு முன்னால் நீருக்குள் நீளும் நூல் தெரிந்தால், உலோகக் கம்பி மினுங்கினால், படகின் இயந்திரச் சத்தமும் அது கிளப்பும் நுரையும் பக்கத்தில் இருந்தால் அது விலகிவிடும். பட்டம் இந்த மூன்றையும் ஒரேயடியாக நீக்கியது. நூல் ஆகாயத்துக்குப் போயிற்று. படகு தூரத்தில் நின்றது. இரையோ தப்பி ஓடும் மீனைப் போல நடந்து கொண்டது. எந்த இரை என்று கேட்பதோடு அது எப்படித் தோன்றுகிறது என்றும் கேட்க வேண்டும் என்பதை அந்தப் படகோட்டி எந்தக் கல்லூரிக்கும் போகாமல் கண்டுகொண்டார்.

கண்டுகொண்டவர்களில் அவர் முதல்வரல்லர். மேற்குப் பசுபிக்கின் சொலமன் தீவுகளிலும் இந்தோனேசியத் தீவுகள் சிலவற்றிலும் மீனவர்கள் ஓலையாலான பட்டத்தை ஓடத்திலிருந்து ஏற்றி முரல் மீன் பிடித்து வந்தார்கள். அவர்களது இரையோ இன்னும் விசித்திரமானது. முள்ளே கிடையாது. சிலந்தி வலையைத் திரட்டி உருட்டிய ஒரு சிறு முடிச்சு நீர்மேல் துள்ளிக்கொண்டு போகும். ஊசி போன்ற அலகில் நெருக்கமான நுண்பற்கள் கொண்ட முரல் அதைக் கவ்வியதும் பற்கள் வலை நூலில் சிக்கிக் கொள்ளும். பின்னர் அதனால் விடவும் முடியாது. முரல் ஆளின் நிழலுக்கே வெருளும் மீன் என்பதை நம் களப்பில் தூண்டில் போட்டவர்கள் அறிவார்கள். அதற்குப் பட்டத்தைவிடப் பொருத்தமான வழியுண்டா? ஒக்ஸ்போர்ட் நூதனசாலையில் பணியாற்றிய ஹென்றி பால்போர் 1913இல் இந்தப் பட்டத் தூண்டிலைப் பற்றி விரிவான ஆய்வுரையொன்று எழுதினார். அவலோன்காரர்கள் தங்கள் புதுமையைக் கொண்டாடிக் கொண்டிருந்த அதே காலம்தான் அது. பார்ன்ஸ்வேர்த் இத்தீவுகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரே கஷ்டம் இரண்டு கடல்களில் ஒரே மாதிரியான விடையைத் தந்திருக்கலாம்.

1913இல் இன்னொரு சாதனையும் நிகழ்ந்தது. வில்லியம் பொஷன் என்ற கழக உறுப்பினர் தடியாலும் ரீலாலும் முதன்முதலாக ஒரு வாள்மீனைப் பிடித்தார். 355 இறாத்தல். படகோட்டி பார்ன்ஸ்வேர்த்தேதான். வாள்மீன் பகலில் நீரின் மேல்மட்டத்தில் செட்டையைக் காட்டியபடி சோம்பலாகக் கிடக்கும். கிட்டப் போய் இரையை அதன் மூக்குக்கு முன்னால் இழுத்தாலும் பெரும்பாலானவை திரும்பிக்கூடப் பார்க்காது. இரவில் ஆழத்தில் கணவாயும் மீனும் வயிறாரத் தின்றுவிட்டு வெயில் காய வந்திருக்கும் மீனுக்கு எந்த இரையைக் காட்டி என்ன? ஸேன் கிரே என்ற பிரபல நாவலாசிரியர் (பல் வைத்தியத் தொழிலை விட்டுவிட்டு எழுத வந்தவர்) கற்றலினாக் கடலில் கோடைக்குக் கோடை வாள்மீனைத் துரத்தினார். கண்டவை பல. இரையைத் தொட்டவை சில. கடைசியில் அவர் 418 இறாத்தல் மீனொன்றைப் பிடித்துப் பெருமிதத்தில் இருக்கையில், திருமதி ஸ்போல்டிங் என்ற மெலிந்த உருவமுள்ள பெண்மணி 426 இறாத்தல் வாள்மீனைப் பிடித்துவிட்டார். ஒரு பெண் தனியே இதைப் பிடித்திருக்க முடியாது என்று கிரே வாய்விட்டார். கழகம் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கதையின் முடிவில் கிரே கழகத்தை விட்டு விலகினார். பெரிய எழுத்தாளர்களின் சிறிய மனங்கள் நமக்குப் புதிதா என்ன?

1929 செப்டெம்பரில் வின்ஸ்டன் சேர்ச்சில் இந்தத் தீவுக்கு ஓர் உல்லாசப் பயணமாக வந்தார். பழக்கமில்லாத அவர் 188 இறாத்தல் மார்லின் மீனைச் சொற்ப நேரத்தில் பிடித்துப் படமும் எடுத்துக் கொண்டார். வருடக்கணக்காக வெறுங்கையோடு திரும்பிய கழகத்துக் கனவான்கள் அன்றிரவு எந்த இரையைக் குறை சொன்னார்களோ.

இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் ஏற்படுவதுண்டு. சாதனைப் பலகையில் இருப்பது பொஷனின் பெயர். இரையைக் கோத்தவர், பட்டத்தை ஏற்றியவர், காற்றையும் மீனையும் கணித்துப் படகைத் திருப்பியவர் எல்லாம் பார்ன்ஸ்வேர்த். அவருக்காவது பெயர் கிடைத்தது. அவரோடு துறையில் நின்ற ஏனைய படகோட்டிகளில் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? ஹோல்டரின் நோக்கம் நல்லது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கற்றலினாவைச் சுற்றி மூன்று மைலுக்குள் வலை போடக்கூடாது என்று 1913இல் சட்டம் கொண்டு வரப் பாடுபட்டவரும் அவர்தான். ஆனால் கைக்கயிற்றை அநாகரிகம் என்று அவர் எழுதியதைப் படிக்கையில், கையில் தங்கூசி வெட்டிய தழும்போடு சந்தைக்குப் போகும் எங்கள் ஊர் மனிதர்களின் முகங்கள் என் முன்னால் வந்து நிற்கின்றன. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவன் மீனுக்குச் சந்தர்ப்பம் கொடுக்கலாம். கறிக்குப் பிடிப்பவனிடம் அதை எப்படிக் கேட்பது?

நியூஸிலாந்தில் இந்த உறுத்தல் வெளிப்படையான சண்டையாகவே வெடித்தது. அங்கே 'தீவுகளின் குடா' என்னும் இடத்தில் 1915இல் முதல் மார்லின் தூண்டில் தடியில் அகப்பட்டது. அவ்வூர்க்காரர் படகை நிறுத்தி நீரோட்டத்தில் மிதக்கவிட்டு, கஹவாய் என்ற உள்ளூர் மீனை உயிரோடு முள்ளில் கோத்து ஆழத்தில் நீந்தவிட்டுக் காத்திருப்பார்கள். 1926இல் ஸேன் கிரே அங்கே வந்தார். மிதந்து காத்திருப்பது சோம்பேறித்தனம் என்றார். அவர்கள் பாவித்த மும்முனைத் தூண்டிலைப் பழித்தார். முள்ளில்லாத போலி மீன்களைப் படகின் பின்னால் இழுத்து மீனை மேலே கவர்ந்து, பின்பு இரையைக் காட்டும் கலிபோர்னிய முறையைப் போதித்தார். உள்ளூர்க்காரருக்குக் கோபம் வராமல் இருக்குமா? அந்தப் பருவத்தில் அவரது நண்பர் கப்டன் மிச்சல் 976 இறாத்தல் கருமார்லின் பிடித்தது உலகச் செய்தியாயிற்று. ஆனால் உயிர் இரையும் அக்கடலில் தொடர்ந்து பெருமீன்களைத் தந்தே வந்தது. மீன் மேல்மட்டத்தில் இரை தேடும்போது இழுத்துச் செல்வது கூடுதல் பரப்பைத் தேடிக் கொடுக்கும். ஆழத்தில் மீன்கூட்டத்தைச் சுற்றி வட்டமிடும்போது உயிரோடு துடிக்கும் இரையே வெல்லும். கிரேயும் சரி, உள்ளூர்க்காரரும் சரி. இருவரும் ஒரே மீனை வெவ்வேறு வேளைகளில் சந்தித்தார்கள்.

போலி இரை பின்னர் தனியொரு கலையாகவே வளர்ந்தது. ஹவாய்த் தீவின் கோனாவில் ஹென்றி சீ என்ற படகோட்டி இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய வருடங்களில் குடிக்கும் குவளையை அச்சாக வைத்து பிசினை வார்த்துத் தூண்டில் தலைகள் செய்தார் என்பார்கள். சாய்வாக வெட்டிய அந்தத் தலை நீரில் ஆடி, குமிழிகளாலான புகைபோன்ற வாலொன்றை விட்டுச் செல்லும். மணமுமில்லை, சுவையுமில்லை. அசைவும் குமிழியும் மட்டுமே. ஆனாலும் நீலமார்லின் பாய்ந்து வந்து அடிக்கும். முத்துச்சிப்பி ஓட்டைத் தேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகளின் கடலில் இது நடந்தது என்பதை மறக்கலாகாது.

இனி எங்கள் இறங்குதுறைக்கு வருவோம். இரையைக் குறை சொன்ன அந்த இரு பிள்ளைகளையும் வைத்து ஒரு சிறு பரீட்சை செய்து பார்த்தேன். ஒரே அளவு முள், ஒரே ஈயம், பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இடத்தை மாற்றிக் கொள்ள வேண்டும். ஒவ்வொரு கடியையும் கொப்பியில் கோடிட வேண்டும். சில வெள்ளிக்கிழமைகள் இப்படிப் போயின. கடி அதிகம் இறாலுக்கு. மீன் அதிகம் கணவாய்க்கு. பிள்ளைகள் குழம்பிப் போனார்கள். காரணம் எளியது. இறால் மெதுவானது. சின்னஞ்சிறு மீன்கள் மொய்த்துச் சில நிமிடங்களில் அதை உருவித் தின்றுவிடும். பெரிய மீன் வரும்போது வெறும் முள்தான் தொங்கும். கணவாய்ச் சதை தோல்போல இழுபடும், கழராது. அது ருசியால் வெல்லவில்லை. முள்ளில் நிலைத்து நின்றதால் வென்றது. முள்ளில் இல்லாத இரையோடு மணிக்கணக்காகக் காத்திருப்பவர்களின் தொகை உலகில் மிக அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

மணமும் இப்படித்தான். அடிமட்டத்தில் வாழும் மீன்களும் இரவில் திரியும் மீன்களும் மணத்தைப் பின்பற்றி வருகின்றன. இரைச்சதையிலிருந்து கசியும் அமினோ அமிலங்களே அந்த மணம். நீரில் ஊறும் இரை அவற்றை முதல் ஒன்றிரண்டு மணித்தியாலங்களிலேயே பெருமளவு இழந்துவிடும். அதன் பிறகு மனிதக் கண்ணுக்கு அது முழு இரை, மீனுக்கோ வெறும் நார். இரையை அடிக்கடி மாற்று என்று எங்கள் மூத்தவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். பொலினேசிய மீனவருக்கு மினுக்கம், எங்கள் களப்பில் இரவு நேரத்தில் போடுபவருக்கு நாற்றம். மீனின் எந்தப் புலனோடு பேசுகிறோம் என்று தெரியாமல் நல்ல இரை, கெட்ட இரை என்று சொல்ல முடியாது.

இரையால் மாறுவது எத்தனை மீன் என்பது மட்டுமல்ல. பிடித்த மீனைத் திரும்பக் கடலில் விடும் வழக்கம் மேலை நாட்டுத் தூண்டில்காரரிடையே பரவிய பிறகு வேறொரு கேள்வி எழுந்தது. விட்ட மீன் பிழைக்கிறதா? போலி இரையை மீன் வாயால் அடிக்கும். முள் பெரும்பாலும் தாடையில் ஏறும். உண்மை இரையையோ ருசித்து விழுங்கிவிடும். முள் தொண்டையிலோ குடலிலோ இறங்கும். நீந்திப் போகும் மீன் மறுநாள் செத்து மிதக்கும். இதற்கு ஒரு தீர்வு, முனை உள்நோக்கி வளைந்த வட்டத் தூண்டில். விழுங்கப்பட்டாலும் அது வழுக்கி வந்து வாயோரத்தில்தான் கொளுவும். 2008இலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் அத்திலாந்திக் கடலில் நடக்கும் மார்லின் போட்டிகளில் உண்மை இரை போடுவோர் வட்டத் தூண்டில்தான் பாவிக்க வேண்டும் என்று விதி வந்தது. 2021இல் அந்நாட்டின் கிழக்குக் கரையில் வரிப்பாஸ் மீனுக்கு இரை போடுவோருக்கும் அதுவே விதியாயிற்று. வணிக மீன்பிடியிலும் 2000களின் தொடக்கத்தில் வட அத்திலாந்திக்கில் செய்த பரிசோதனைகள் இதையொட்டிய ஓர் உண்மையைக் காட்டின. நெடுந்தூண்டிலில் கணவாய்க்குப் பதிலாகக் கானாங்கெளுத்தி வகை மீனை வட்டத் தூண்டிலில் கோத்தபோது கடலாமைகள் அகப்படுவது வெகுவாகக் குறைந்தது. கணவாயை ஆமை முழுதாக விழுங்கும். மீனைக் கடித்துக் கடித்துப் பிய்க்கும். எதைப் பிடிக்கிறோம் என்பதைப் போலவே எதைப் பிடிக்காமல் விடுகிறோம் என்பதும் இரையின் கையில்.

கற்றலினாவின் ஆதிக்குடிகளான தொங்வா மக்கள் அத்தீவைப் பிமு என்று அழைத்தார்கள். அவர்கள் சிப்பி ஓட்டில் செதுக்கிய தூண்டில்கள் அகழ்வாராய்ச்சியில் கிடைத்திருக்கின்றன. அவை வட்டமானவை. ஹோல்டரின் கழகத்தார் பாவித்ததோ நீண்ட கொளுக்கி.

அந்தச் சூரைகளுக்கு என்னவாயிற்று என்று கேட்கலாம். 1903இல் சான் பெட்ரோவில் சூரையை ரின்னில் அடைக்கும் தொழில் தொடங்கியது. முதலாம் உலகப் போர்க்காலத்தில் பெரிய சுருக்குவலைகள் நீலச்செட்டைச் சூரையையும் வளைக்கத் தொடங்கின. பிறகு வந்த தசாப்தங்களில் பசுபிக்கின் இரு கரைகளிலும் பிடித்துத் தள்ளியதில் 2010ஐ ஒட்டிய வருடங்களில் அந்த இனம் அதன் ஆதித் தொகையில் மிகச் சொற்ப வீதத்துக்கு வீழ்ந்தது. நாடுகள் கூடிப் பிடியைக் குறைத்தன. கலிபோர்னியாவில் பொழுதுபோக்குக்குப் பிடிப்பவர் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து மீன் கொண்டு போகலாம் என்றிருந்ததை 2015இல் இரண்டாகக் குறைத்தார்கள். எதிர்பார்த்ததைவிட விரைவாக மீன் மீண்டது. 2024இல் வெளியான மதிப்பீடு, மீட்சிக்கென வைத்த இலக்கு அதற்கு முன்பே எட்டப்பட்டுவிட்டதாகக் கூறியது.

கற்றலினாவுக்கு அப்பால் நூறு கிலோவைத் தாண்டிய சூரைகள் மறுபடியும் பறக்கும் மீன்களைத் துரத்துகின்றன. படகைக் கண்டால் பழையபடி விலகுகின்றன. அங்குள்ள தூண்டில்காரர்கள் ஒலி அலையால் மீன்கூட்டத்தைத் தேடும் கருவிகளோடும் நவீன செயற்கை நூல்களோடும் போகிறார்கள். கூடவே ஒரு பட்டமும் கொண்டு போகிறார்கள். காற்றுப் போதாத நாளில் அதற்கு ஹீலியம் பலூன் ஒன்றைக் கட்டுகிறார்கள். நூலின் நுனியில் இறப்பரால் செய்த பறக்கும் மீன் அலைக்கு அலை துள்ளிக்கொண்டு போகிறது.

இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொன்னபோது கணவாய்க்காரன் கேட்டான்: "சேர், அப்ப முரலுக்கு நாங்களும் பட்டம் ஏத்தலாம்தானே?" சிலந்தி வலைக்கு எங்கே போவது என்று அடுத்தவன் யோசிக்கத் தொடங்கியிருந்தான்.